பாட்டரி மாற்றிய மீன்பிடிப் படகில் பாரத்தைச் சமன்செய்தல்

பாரவண்டி ஓட்டிப் பழகிய குடியானவன் மூட்டைகளைக் கண்ட இடத்தில் போட்டுக் கட்டிவிடுவதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி எருதுகளின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். வழியில் நாலு மூட்டைகளை இறக்க நேர்ந்தால், மீதியுள்ளவற்றைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டே அவன் மேற்செல்வான். பாரம் குறைந்ததே போதும் என்று சும்மா இருந்துவிட மாட்டான். தண்ணீரில் ஓடும் வாகனத்திற்கும் இதே நியாயம் பொருந்தும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பாஸ் படகு வைத்திருப்போர் பலர், கனமான பழைய பாட்டரிகளை எடுத்துவிட்டு லேசான லித்தியம் பாட்டரிகளை வைத்தபின், படகு முன்போல் ஓடவில்லையே என்று திகைக்கின்றனர்.

பாஸ் என்பது அந்நாட்டு ஏரிகளிலும் அணைத்தேக்கங்களிலும் வளரும் மீன். 1933-ல் ஏற்பட்ட டென்னிசி பள்ளத்தாக்கு அதிகாரசபை கட்டியவை போன்ற பெரிய அணைகளால் தென் மாகாணங்களில் விஸ்தாரமான நீர்த்தேக்கங்கள் உண்டாயின. அவற்றில் தூண்டில் போடுவதற்கென்றே தனிப்பட்ட படகு ஒன்று உருவாயிற்று. 1948-ல் லூயிசியானாவில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் ஸ்கீட்டர் என்ற பெயரில் செய்த சிறு படகே இவ்வகைக்கு மூலம் என்பர். இக்காலத்துப் பாஸ் படகு 18 முதல் 21 அடி நீளமுள்ளது, கண்ணாடி நாரினால் செய்தது, விளிம்பு தாழ்ந்தது. பின்தலையில் 150 முதல் 250 குதிரைச் சக்தியுள்ள பெட்ரோல் மோட்டார் தொங்கும். முன்தலையில், அதாவது மீனவர் அணியம் என்று கூறும் இடத்தில், ஓசையின்றி ஊர்வதற்கு ஒரு சிறு மின்சார மோட்டார் இருக்கும். இந்தச் சிறு மோட்டாருக்கு 24 அல்லது 36 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஆகவே 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டு அல்லது மூன்று தொடர்ச்சியாக இணைக்கப்படும். மோட்டார் முன்னே இருந்தபோதிலும் பாட்டரிகள் பெரும்பாலும் பின்தலையின் அடியறையிலேயே வைக்கப்படுகின்றன. படகு செய்தவர்கள் அந்தப் பாரத்தையும் கணக்கில் சேர்த்தே அதன் அடிப்பாகத்தை அமைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

ஈயமும் கந்தகத் திராவகமும் கொண்ட பழைய மாதிரிப் பாட்டரி ஒன்று 60 முதல் 75 ராத்தல் வரை நிறையுள்ளது. அதே பருமனுள்ள லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு பாட்டரி 25 முதல் 30 ராத்தலுக்குள் அடங்கும். இந்தச் சேர்க்கைப் பொருளின் குணம் 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் என்பாரும் அவருடைய மாணாக்கரும் கண்டறிந்தது. ஈயப் பாட்டரியில் உள்ள மின்சாரத்தில் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொள்ளலாம். விலை அதிகம், ஆனால் நெடுநாள் உழைக்கும். இவ்வனுகூலங்களில் ஐயமில்லை. இங்கே ஆராயவேண்டுவது எடை ஒன்றையே.

உதாரணமாக, 20 அடிப் படகொன்றில் 65 ராத்தல் வீதம் மூன்று ஈயப் பாட்டரிகள் இருந்தன என்று கொள்வோம். மொத்தம் 195 ராத்தல். அவற்றை நீக்கி 28 ராத்தல் வீதம் மூன்று லித்தியம் பாட்டரிகளை வைத்தால் 84 ராத்தல். பின்தலையில் மட்டும் 111 ராத்தல் குறைந்துவிட்டது. படகு அசையாமல் நிற்கும்போது இதனால் பின்தலை ஏறக்குறைய அரை அங்குலம் உயரும். அது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வேகமாக ஓடும்போதே வித்தியாசம் வெளிப்படும். இப்படகு வேகங்கொண்டதும் முழு அடிப்பாகத்தாலும் நீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. மேலெழும்பி, பின்பக்கத்துச் சில அடி நீளத்தின்மேல் மட்டும் வழுக்கிச் செல்லும். பின்தலையின் கனமே முன்தலையைத் தூக்கிப் பிடிக்க உதவுகிறது. அக்கனம் குறைந்தால் முன்தலை தாழும், நீரில் படும் பரப்பு கூடும், உராய்வும் கூடும். நூறு ராத்தல் குறைத்தும் வேகம் ஏறவில்லையே என்று சிலர் குறை கூறுவதற்குக் காரணம் இதுவே.

வேகம் குறைவது அற்ப விஷயம். மணிக்கு 60, 70 மைல் வேகத்தில் போகும்போது தாழ்ந்த முன்தலை ஓர் அலையில் குத்துமாயின், நீர் முன்பாகத்தைப் பிடித்துக்கொள்ள, பின்பாகம் சடுதியில் பக்கவாட்டில் சுழன்றுவிடும். படகிலிருப்பவர் வெளியே எறியப்படுவர்; ஆளில்லாத படகு வட்டமிட்டு அவர்கள்மேலேயே வரவும் கூடும். இதை முன்னிட்டே, 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் மோட்டாரை நிறுத்தும் விசைக்கயிறு அமைந்திருந்தால், வேகமாக ஓட்டுகையில் ஓட்டுபவர் அதைத் தம்மோடு பிணைத்துக்கொள்ளவேண்டும் என்று அந்நாட்டில் 2021 ஏப்ரல் 1 முதல் விதி நடைமுறைக்கு வந்தது. பாட்டரி மாற்றியபின் முதன்முறை ஓட்டிப் பார்க்கும்போது இக்கயிற்றையும் மிதவைச் சட்டையையும் மறத்தலாகாது.

ஆயினும் எல்லாப் படகுகளுக்கும் ஒரே விதி கூற இயலாது. சில படகுகள் முதலிலிருந்தே பின்பாரம் மிகுந்தவை. ஓடும்போது அவற்றின் முன்தலை ஓயாமல் ஏறி இறங்கிக் குதிக்கும். நின்ற இடத்திலிருந்து எழும்பவும் நேரம் பிடிக்கும். அவற்றிற்கு லேசான பாட்டரி மருந்தாகவே அமையும். ஆகையால் படகின் பழைய நடத்தையை அறியாமல் மாற்றத்தில் இறங்குவது முறையன்று. பழைய பாட்டரிகளை எடுக்குமுன், அமைதியான நீரில், வழக்கமான சாமான்களோடு படகை நிறுத்தி, முன்தலையில் இருபுறமும் பின்தலையில் இருபுறமும் நீர்மட்டத்தைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொள்ளவேண்டும். எத்தனை விநாடிகளில் மேலெழும்புகிறது, மோட்டாரை எவ்வளவு சாய்த்தால் முன்தலை நிமிர்கிறது, எந்த வேகத்தில் ஆட்டம் தொடங்குகிறது என்பவற்றையும் எழுதி வைப்பது நலம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஏற்றம் இறைத்த நாட்களில் துலாவின்மேல் நின்ற ஆளின் எடை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. சில அடி முன்னும் பின்னும் நடந்தே அவன் சாலை இறக்கவும் ஏற்றவும் செய்தான். எடையைப் போலவே, அது நிற்கும் தூரமும் வலிமையுடையது. படகில் எல்லாப் பாரங்களும் சமனாகும் ஓரிடம் உண்டு. அதைப் பார மையம் என்று வைத்துக்கொள்வோம். மேற்சொன்ன படகில் பாட்டரி அறை அம்மையத்திற்கு 5 அடி பின்னே இருப்பதாயின், குறைந்த 111 ராத்தலை 5-ஆல் பெருக்க 555 வரும். பின்பக்கம் இழந்த வலிமை இத்தொகையே. இதை ஈடுசெய்ய, 55 ராத்தல் ஈயக்கட்டியை வாங்கிப் பின்தலையில் வைத்தால் 275 மட்டுமே கிடைக்கும். அதற்குப் பதிலாக, மையத்திற்கு 5 அடி முன்னே இருக்கும் 55 ராத்தல் சாமான்களை 5 அடி பின்னே கொண்டுபோய் வைத்தாலோ, அவை கடக்கும் தூரம் 10 அடி, பலன் 550. சேர்த்தால் ஒரு மடங்கு, பெயர்த்தால் இரு மடங்கு. பாரம் மாறினால் மையமும் சிறிது நகரும் என்பதால் இக்கணக்குச் சற்றுக் கரடுமுரடானதுதான்; ஆனால் ஒரு வண்டிக்கோ படகுக்கோ இதற்குமேல் நுட்பம் தேவைப்படாது.

அதிக விலை கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, மேலும் விலை கொடுத்து ஈயத்தை ஏற்றுவது விவேகமாகத் தோன்றவில்லை. முன்தலை அறைகளில் தூண்டிற் குண்டுப் பெட்டிகள், நங்கூரம், கருவிகள், உபரிக் கயிறு முதலியன நாளடைவில் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பின்னே அனுப்பத் தக்கவை வேண்டிய மட்டும் கிடைக்கும். பின்தலையில் காலியான பாட்டரி இடத்தில் இவற்றை வைக்கலாமா எனில், மூடியுள்ள பெட்டியில் இட்டுக் கட்டினால் வைக்கலாம். தளர்ந்து கிடக்கும் இரும்புச் சாமான் பாட்டரியின் இரு முனைகளையும் ஏககாலத்தில் தொட்டுவிடுமாயின் நெருப்புப் பிடிக்கும்.

மற்றொரு தவறும் உண்டு. பாட்டரி லேசாகிவிட்டபடியால், கம்பியின் நீளத்தைச் சுருக்கலாமென்று அதை முன்தலை மோட்டாரின் அருகிலேயே சிலர் கொண்டுபோய் வைக்கிறார்கள். கம்பி குறுகினால் மின்சார நஷ்டம் சிறிது குறைவது மெய்யே. ஆனால் பின்னே 195 ராத்தலை 5 அடியில் இழந்தது 975. முன்னே 84 ராத்தலை 7 அடியில் ஏற்றியது 588. இரண்டும் ஒரே பக்கம் சாய்ப்பதால் வித்தியாசம் 1,563 ஆகிவிடுகிறது. பாஸ் படகில் இதைத் தவிர்ப்பதே உத்தமம்.

மீன் தொட்டியையும் பெட்ரோலையும் கணக்கில் விட்டுவிடக்கூடாது. 30 காலன் தண்ணீர் கொள்ளும் தொட்டி நிறைந்தால் 250 ராத்தல். மையத்திற்கு 2 அடி பின்னே அது இருந்தால் 500 வலிமை கூடும். அதாவது, பாட்டரியால் இழந்ததில் பெரும்பகுதியைத் தொட்டி நீரே ஈடுசெய்துவிடும். காலையில் காலித் தொட்டியோடு தடுமாறிய படகு, மீன் அகப்பட்டபின் மாலையில் நேராக ஓடுவதன் மர்மம் இதுதான். பெட்ரோல் காலனுக்கு ஏறக்குறைய 6 ராத்தல்; பின்பக்கத் தொட்டியில் 40 காலன் இருந்தால் 240 ராத்தல். அது செலவாகச் செலவாகப் பின்தலை மேலும் லேசாகும். ஆகவே தொட்டி காலியாகவும் பெட்ரோல் பாதியாகவும் உள்ள நிலையில் ஒருமுறை, இரண்டும் நிறைந்த நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இரு நிலைக்கும் பொதுவான ஏற்பாட்டைச் செய்துகொள்ளவேண்டும்.

எவ்வளவு பாரம், எங்கே என்பதை அறிய மணல் மூட்டைகள் சிறந்த கருவி. 25 ராத்தல் வீதம் நாலு மூட்டைகள் போதும். ஒன்றைப் பின்தலையில் நகராதபடி கட்டி, மிதமான வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கவேண்டும், போதாவிடில் இன்னொன்று. படகு பழைய நிலைக்கு வந்ததும், அதே வலிமைக்கு எந்தச் சாமானைப் பெயர்க்கலாமென்று கணக்கிட்டு, மணலைக் கரையில் இறக்கிவிடலாம். படகில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் எடை வரம்பு குறித்த தகடு இருந்தால், சோதனையின்போதும் அதை மீறலாகாது.

இடவலப் பாரமும் உண்டு. இப்படகுகளில் ஓட்டுபவர் சாதாரணமாய் வலப்புறம் அமர்கிறார். மோட்டாரின் சுழல்விசிறி வலமாகச் சுற்றும்போது படகை இடப்புறம் சாய்க்க முயலும். அவருடைய எடை அதைச் சிறிது தடுக்கும். பழைய பாட்டரிகள் ஒரு பக்கமாக இருந்திருந்தால், அவற்றை நீக்கியதும் இந்த ஏற்பாடு கலைந்து, மேல்வேகத்தில் படகு பக்கத்துக்குப் பக்கம் தள்ளாடத் தொடங்கலாம். சாக்குக்கட்டிக் குறிகளில் இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது இதன்பொருட்டே.

பாரம் நிலைத்தபிறகே மோட்டாரின் உயரத்தையும் விசிறியையும் தொடவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவர்க்கு எது எதனால் வந்தது என்பது விளங்காது. பின்தலை உயர்ந்திருப்பதால் மோட்டாரின் நீர் உறிஞ்சும் துவாரமும் சற்று மேலே வந்திருக்கும்; மோட்டார் ஏற்கெனவே உயர்த்தி மாட்டப்பட்டதாயின், குளிர்விக்கும் நீரின் அழுத்தம் குறைகிறதா என்று அளவுமானியை நோக்கிக்கொண்டே ஓட்டவேண்டும். குறைந்தால் மோட்டாரைக் கால் அங்குலம் கால் அங்குலமாக இறக்கலாம்.

புதிய பாட்டரி பழையதைவிடச் சிறியதாயிருந்தால், பழைய தட்டில் அது ஆடும். அலைகளில் மோதுண்டு ஆடும் பாட்டரி கம்பியை அறுத்துக்கொள்ளும். இடைவெளியை மரக்கட்டையால் நிரப்பி வாரினால் இறுகக் கட்டவேண்டும். லித்தியத்தையும் ஈயத்தையும் ஒரே தொடரில் கலந்து இணைக்கலாகாது. மின்சாரமேற்றும் கருவியும் லித்தியத்திற்கு உரியதாக இருக்கவேண்டும். நீர் உறையும் குளிரில் இப்பாட்டரிக்கு மின்சாரமேற்றுவது அதைக் கெடுத்துவிடும். ஆதலால் பனிக்காலத்தில் படகைக் கொட்டகையில் விடும் வட மாகாணத்தார் பாட்டரிகளைக் கழற்றி வீட்டினுள் வைத்தே மின்சாரமேற்றிக்கொள்வது நல்லது.