கருங்காலி என்று யாரைச் சொன்னோம்?
1921 பின்னி ஆலை வேலைநிறுத்தமும் நமக்கான பாடமும்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சொல். வேலைநிறுத்தக் காலத்தில் வேலைக்குப் போகிறவரைத் தொழிற்சங்க மேடைகள் ‘கருங்காலி’ என்கின்றன. கருங்காலி ஒரு மரம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவுவதால் துரோகிக்கு அந்தப் பெயர் வந்தது என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். தொழிற்சங்க வரலாற்றில் இதைவிடக் கனமான வசைச்சொல் இல்லை. அந்தச் சொல் சென்னையில் ஒரு முழுச் சேரியின் மீதே வீசப்பட்ட ஆண்டு 1921. யார் வீசினார்கள், யார் மீது விழுந்தது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

சங்கம் பிறந்த இடம்

பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்காம் ஆலையும் கர்னாடிக் ஆலையும் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த இரு ஆலைகளிலும் 1920 வாக்கில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை பார்த்தார்கள். சாதி இந்துக்கள், ஆதிதிராவிடர்கள், முஸ்லிம்கள் என மூன்று தரப்பினரும் அவர்களில் இருந்தனர்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைத்தான் பாடநூல்கள் சொல்கின்றன. பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஆனால் விதை போட்டவர்கள் அப்பகுதி வணிகர்களான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும். அவர்கள் நடத்திவந்த ஒரு வைணவப் பக்திச் சபைக்கு வந்த தொழிலாளர்கள் ஆலையில் படும் பாட்டைச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் சங்கம் முளைத்தது.

இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் சங்கத்தின் முதல் வட்டம் பஜனைச் சபையின் வட்டமாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எந்தத் திண்ணையில் கூடினார்கள், அந்தத் திண்ணையில் ஏறி உட்கார யாருக்கு உரிமை இருந்தது என்பது அன்றைய சென்னையில் சாதாரணக் கேள்வி அல்ல. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருந்தது. சங்கத்தைப் பெற்றெடுத்த உறவுகள் அப்படித் திறந்திருக்கவில்லை.

சங்கம் செய்த சாதனையைக் குறைத்துச் சொல்ல நமக்கு எந்த அவசியமும் இல்லை. 1920 இறுதியில் நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றம் சென்று, வாடியாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகத் தடையாணை வாங்கியது, நட்டஈடும் கேட்டது. தொழிலாளரை ஒன்றுசேர்ப்பதே குற்றமாக்கப்பட்டதைக் கண்டு நாடு அதிர்ந்தது. என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டத்தின் பின்னால் பெரம்பூர்த் தொழிலாளியின் பசி இருக்கிறது.

புளியந்தோப்பு எரிந்தபோது

1921 மே மாதம் கூலி உயர்வுக் கோரிக்கையோடு கர்னாடிக் ஆலையில் வேலை நின்றது. ஜூனில் பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டனர். அது ஒத்துழையாமை இயக்கக் காலம் என்பதால் காங்கிரஸ் தலைவர்களும் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றனர்.

ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். சட்டமன்ற உறுப்பினராக இருந்த எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். நிறுத்தம் செய்தவர்களுக்கும் வேலைக்குப் போனவர்களுக்கும் இடையே மூண்ட பகை ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் தீயாக மாறியது. சேரிக் குடிசைகள் எரிந்தன. இரு தரப்பிலும் அடிதடி, வெட்டுக்குத்து. வீடிழந்த ஆதிதிராவிடர்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. ஆகஸ்டில் மீண்டும் துப்பாக்கிச் சூடு, மீண்டும் சாவு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் என்ன சொன்னார்கள்? அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுத்ததுதான் கலவரத்துக்குக் காரணம் என்றார்கள். அவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்த வேண்டும் என்ற யோசனையைத் தியாகராயச் செட்டியார் முன்வைத்தார். எரிந்தது சேரி, வெளியேற வேண்டியதும் சேரியா என்று ராஜா கொதித்தார். 1923இல் அவர் நீதிக்கட்சியை விட்டு விலகியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு முரணைக் குறித்துக்கொள்வோம். அன்றைய சென்னை மாகாணத்தில் ‘தொழிலாளர் துறை’யின் முக்கிய வேலையே தாழ்த்தப்பட்டோருக்கு மனைநிலம், பள்ளி, கிணறு ஆகியவற்றுக்கு வழி செய்வது. அரசின் ஏட்டில் ‘தொழிலாளர்’ என்றால் பெரும்பாலும் சேரி மக்கள். ஆனால் தொழிலாளர் இயக்கத்தின் ஏட்டில் அதே சேரி மக்கள் தொழிலாளருக்குத் துரோகிகள்.

பட்டினி கிடக்க என்ன வேண்டும்?

ஏன் வேலைக்குப் போனார்கள்? ‘நிர்வாகத்தின் கைக்கூலிகள்’ என்பது சோம்பேறித்தனமான பதில். வேலைநிறுத்தம் என்பது கூலி இல்லாமல் அடுப்பெரிப்பது. அதற்குச் சில ஆதாரங்கள் வேண்டும். ஊரில் ஒரு துண்டு நிலம், போய்த் தங்க உறவினர் வீடு, கடனுக்கு அரிசி போடும் மளிகைக்கடை, வேறு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தெரிந்தவர். சாதி இந்துத் தொழிலாளி இவற்றில் ஒன்றிரண்டாவது உள்ளவர். ஆதிதிராவிடத் தொழிலாளிக்குக் கிராமம் என்றால் திரும்பிப் போக வேண்டிய பண்ணையடிமைத்தனம். ஆலைக் கூலிதான் அதிலிருந்து தப்பிவந்த வழி. மாதக்கணக்கில் நீளும் நிறுத்தம் ஒருவருக்குக் கஷ்டம், இன்னொருவருக்கு முற்றான அழிவு. இரண்டையும் ஒரே தியாகமாக எண்ணிக் கணக்கெழுதியது சங்கம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஆலையில் நூல் நூற்றவர்கள் வெளியே வந்தால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது, ஒரே தெருவில் குடியிருக்க முடியாது. ஆண்டு முழுவதும் தொடாத கை, வேலைநிறுத்தம் வந்த அன்று ‘கை கோப்போம் வா’ என்று நீண்டால் அதை நம்ப என்ன காரணம் இருந்தது?

நிர்வாகம் இந்தப் பிளவைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் பிளவை உண்டாக்கியது நிர்வாகம் அல்ல. அது ஆலை வாசலுக்கு வருவதற்கு முன்பே ஊரில் இருந்தது.

பம்பாயில் கேட்கப்பட்ட கேள்வி

இதே கேள்வியை 1928இல் பம்பாயில் அம்பேத்கர் நேருக்கு நேர் எழுப்பினார். அங்கே பஞ்சாலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடம் இல்லை. அறுந்த நூலை ஓடத்தில் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், எச்சில் படும், ஆகவே தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் தடுத்தார்கள். மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தம் ஆறு மாதம் நடந்தபோது, நெசவுப் பிரிவைத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்காவிட்டால் எம் மக்களை நிறுத்தத்தில் சேரச் சொல்ல மாட்டேன் என்றார் அம்பேத்கர். தலைவர்கள் அரைமனதோடு சேர்த்தார்கள். கோரிக்கையைப் பார்த்த முதலாளிகள், இது அநீதி என்றால் இதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவினார்கள். அந்தப் பதில் தொழிற்சங்கத்தின் முகத்துக்கு நேரே பிடித்த கண்ணாடி.

அம்பேத்கர் அதோடு தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகிவிடவில்லை. 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய ரயில்வே தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டு எதிரிகளையும் சேர்த்தே அடையாளம் காட்டினார். பார்ப்பனியம் என்று அவர் சொன்னது சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றின் மறுப்பை. அது எல்லாச் சாதிக்குள்ளும் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் மறுபெயர் என்பது அவர் வாதம். 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சங்கங்களை முதலாளிகள் அங்கீகரிப்பதைக் கட்டாயமாக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது அவர் காலத்தில்தான்.

ஆக, 1928இல் அவர் வைத்த நிபந்தனை வேலைநிறுத்தத்துக்கு எதிரானது என்று படிப்பது தவறு. நிறுத்தம் எல்லோருடையதாக ஆவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைத்தான் அவர் சொன்னார்.

சேரியின் சொந்த வேலைநிறுத்தங்கள்

‘கருங்காலி’ என்று பெயர் வாங்கிய மக்கள் வேலைநிறுத்தம் அறியாதவர்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் அய்யன்காளி தலைமையில் புலையர்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். கோரிக்கைகளில் முதன்மையானது எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது. கூலிக்கு முன்னால் எழுத்தைக் கேட்ட வேலைநிறுத்தம் அது.

1940களில் கீழத் தஞ்சையில் பி. சீனிவாச ராவ் முதலானோர் கட்டிய விவசாயிகள் சங்கம் சேரிக்குள் வேர் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்பதை அது தன் முதல் கோரிக்கைகளில் வைத்தது. அந்தச் சங்கத்தின் கொடியை இறக்க மறுத்ததற்கும், கூடுதல் நெல் கூலி கேட்டதற்கும் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால் புளியந்தோப்பின் பொருள் தெளிவாகிறது. தன் கோரிக்கை முதலில் வைக்கப்பட்ட இடத்தில் சேரி உயிரைக் கொடுத்து நின்றது. அது பட்டியலிலேயே இல்லாத இடத்தில் வேலைக்குப் போனது.

இனி எப்படிப் படிப்பது?

ஆய்வு செய்யும் மாணவர்களும் களத்தில் நிற்கும் தோழர்களும் எந்தப் போராட்டத்தை எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பிரிவில் எந்தச் சாதி வேலை பார்த்தது? கோரிக்கைப் பட்டியலை எழுதிய குழுவில் யார் இருந்தார்கள்? நிறுத்தக் கால அரிசி யார் வீட்டுக்கு முதலில் போனது? முடிவில் வேலை திரும்பக் கிடைக்காமல் போனவர் யார்? இந்த நான்குக்கும் பதில் தேடாமல் எழுதப்படும் தொழிற்சங்க வரலாறு தலைவர்களின் வரலாறாகவே இருக்கும்.

கேள்விகள் பழையவை அல்ல. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாட்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களே அதிகம், தலித்துகளே அதிகம். நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. புளியந்தோப்பு இருப்பது அந்தத் திரு.வி.க. நகர் மண்டலத்தில்தான். சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவரின் பெயரை ஒரு மண்டலத்துக்கு வைத்திருக்கிறோம். அந்த மண்டலத்தின் குப்பையை அள்ளும் பெண் வேலையை நிறுத்தும்போது, நிரந்தர வேலையும் சங்க அட்டையும் உள்ள எத்தனை பேர் தங்கள் வேலையை ஒரு நாளாவது நிறுத்தினோம்? 1921இல் சேரியைப் பார்த்துச் சொன்ன சொல்லை, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு எடுத்துப் பார்ப்போம்.