காகிதம் மிச்சம், மை மிச்சம், துணியும் மிச்சம்!

துண்டுத் துணிகளைச் சதுரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கிறோம். அதன் அடியில் பஞ்சு விரிப்பு ஒன்றையும், அதற்குக் கீழே முழுத்துணி ஒன்றையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் போடுகிறோம். இப்போது கிடைப்பதுதான் 'குவில்ட்' என்னும் ஒட்டுத்துணிப் போர்வை. அமெரிக்காவில் இது புகழ்பெற்ற கைவினை. இதைக் கற்றுத்தரும் அமெரிக்கப் பாடங்கள் இணையத்தில் ஏராளம். வீட்டில் மீந்துபோன துணிகளைக் கொண்டு நீங்களும் ஒன்று தைத்துப் பார்க்க விரும்பலாம்.

ஒரு பாடத்தைக் கணிப்பொறியில் திறந்து, அப்படியே அச்சிடும்படி ஆணை கொடுத்தால் என்ன ஆகும்? 12 தாள்கள் வந்து விழும். சிலவற்றில் விளம்பரம், சிலவற்றில் மற்றப் பாடங்களின் பட்டியல், கடைசித் தாளில் ஒரே ஒரு வரி! இது போதாதென்று, அச்சிட்ட மாதிரிப் படத்தை வைத்து வெட்டிய துணி, அளவுகோல் வைத்து வெட்டிய துணியோடு பொருந்தாமலும் போகலாம். ஏன் இப்படி? காரணம் தெரிந்துவிட்டால் காகிதம், மை, துணி மூன்றையும் மிச்சப்படுத்தலாம்.

சுருளும் தாளும்

இணையப் பக்கத்துக்குப் 'பக்கம்' என்று பெயரே தவிர, உண்மையில் அது முடிவில்லாத ஒரு சுருள் போன்றது. அதற்கு நீள அளவு கிடையாது. அகலமும் திரைக்குத் தக்கபடி மாறும். அதை அச்சிடும்போது உலாவி என்னும் மென்பொருள் அந்தச் சுருளைத் தாள் தாளாக நறுக்குகிறது. எது பாடம், எது விளம்பரம் என்று அது ஆராய்வதில்லை.

ஆகவே நறுக்குவதற்கு முன்பே வேண்டாதவற்றை நாம் நீக்கிவிட வேண்டும். பல உலாவிகளில் 'ரீடர் வியூ' போன்ற பெயரில் ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் பாடமும் அதன் படங்களும் மட்டும் நிற்கும். பிறகு, அச்சிடுவதற்கு முன் திரையில் தோன்றும் முன்னோட்டத்தைப் பாருங்கள். எந்தெந்தத் தாள்கள் தேவை என்று குறித்துக்கொண்டு, அவற்றின் எண்களை மட்டும் கொடுங்கள்.

அச்சிடுவதற்குப் பதிலாகச் சேமித்தும் வைக்கலாம். அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே 'சேவ் ஆஸ் பி.டி.எஃப்.' என்று இருக்கும். பி.டி.எஃப். என்பது அடோபி நிறுவனம் 1993-இல் வெளியிட்ட கோப்பு வடிவம். 2008-இல் பன்னாட்டுத் தர அளவாகவும் ஏற்கப்பட்டது. இணையப் பக்கம் நாளையே மறைந்து போகலாம். நீங்கள் சேமித்த கோப்பு உங்களிடமே இருக்கும்.

மைத்துளிகளின் கணக்கு

மை பீய்ச்சும் அச்சுப்பொறி, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளைத் தாளின்மீது எறிகிறது. ஒரு துளியின் அளவு சில பிகோலிட்டர்களே. ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு! துளி ஒன்று 4 பிகோலிட்டர் என்று கொண்டால், ஒரு மில்லிலிட்டர் மையில் 25 கோடித் துளிகள் அடங்கும்.

துளி இவ்வளவு சிறியது என்றால் மை ஏன் விரைவில் தீர்ந்துவிடுகிறது? அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வீதம் அச்சிட்டால், ஒரு சதுர அங்குலத்தில் 600 × 600, அதாவது 3,60,000 புள்ளிகளுக்கு இடம் இருக்கிறது. எழுத்துகள் மட்டும் உள்ள சாதாரணப் பக்கத்தில் மை படிவது ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்குப் பரப்பில்தான். மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. புகைப்படமோ தான் இருக்கும் இடம் முழுவதையும் மையால் நிரப்புகிறது. ஒரே இடத்தில் பல வண்ண மைகளும் விழுகின்றன. எனவே முடிந்த போர்வையின் அழகிய வண்ணப்படத்தைத் திரையிலேயே கண்டு மகிழுங்கள். தைக்கும் முறையைக் காட்டும் கோட்டுப் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தால் போதும்.

2-இன் வர்க்கமூலம் செய்யும் உதவி

நாம் பயன்படுத்தும் ஏ4 தாளின் அளவு 210 × 297 மி.மீ. 297-ஐ 210-ஆல் வகுத்துப் பாருங்கள். 1.414 வருகிறதா? அதுதான் 2-இன் வர்க்கமூலம். இந்த விகிதத்தில் உள்ள தாளை நடுவில் மடித்தால், கிடைக்கும் பாதியும் அதே விகிதத்தில் இருக்கும். இந்தப் பண்பைப் பற்றி ஜெர்மன் அறிஞர் லிச்டென்பெர்க் 1786-லேயே எழுதினார். 1922-இல் ஜெர்மனி இதைத் தாள்களின் தர அளவாக்கியது. 1975-இல் இது பன்னாட்டுத் தர அளவாயிற்று.

இதனால் நமக்கென்ன பயன்? ஒரு தாளின் ஒரு பக்கத்தில் பாடத்தின் இரண்டு பக்கங்களை அச்சிட்டால், இடம் வீணாகாமல் அவை கச்சிதமாக அமர்கின்றன. ஒவ்வொன்றின் நீளமும் அகலமும் 70.7 விழுக்காடாகக் குறையும். பரப்போ சரிபாதியாகும், ஆகவே மைச்செலவும் ஏறக்குறைய பாதியாகும். 12 புள்ளி அளவுள்ள எழுத்து எட்டரைப் புள்ளியாகச் சிறுத்தாலும் படிக்க முடியும். தாளின் மறுபுறத்திலும் அச்சிட்டால் 12 பக்கப் பாடம் மூன்றே தாள்களில் அடங்கிவிடும்!

எழுத்தின் வடிவத்தை மாற்றினால் மை மிச்சமாகுமா? 2014-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த 14 வயது மாணவர் ஒருவர் இதை ஆராய்ந்து புகழ் பெற்றார். எழுத்துகளைப் பெரிதாக அச்சிட்டு, வெட்டி, எடைபோட்டும் ஒப்பிட்டார். காரமாண்ட் என்னும் எழுத்துருவைப் பயன்படுத்தினால் சுமார் 24 விழுக்காடு மை மிச்சமாகும் என்பது அவர் முடிவு. ஆனால் எழுத்துக்கலை வல்லுநர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினர்: ஒரே புள்ளி அளவில்கூட காரமாண்ட் எழுத்துகள் சிறியவையாகவே தோன்றும், மிச்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். எழுத்தின் அளவே மையின் செலவில் பெரும்பங்கைத் தீர்மானிக்கிறது.

சுருக்கக் கூடாத தாள்

படிக்கும் பக்கங்களை இப்படிச் சுருக்கலாம். ஆனால் துணி வெட்டுவதற்கான மாதிரிப் படம் உள்ள தாளைச் சுருக்கவே கூடாது. இங்கேதான் பலருடைய துணி வீணாகிறது.

அமெரிக்கப் பாடங்களின் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் 'லெட்டர்' என்னும் தாளுக்காக வரையப்பட்டவை. அதன் அளவு 8½ × 11 அங்குலம், அதாவது 215.9 × 279.4 மி.மீ. அது நம் ஏ4 தாளைவிட அகலமானது. 'ஃபிட் டு பேஜ்' என்ற கட்டளை இருந்தால், அச்சுப்பொறி அகலத்தைப் பொருத்துவதற்காக முழுப் படத்தையும் ஏறத்தாழ 97 விழுக்காடாகக் குறைத்துவிடும். மூன்று விழுக்காடுதானே என்று எண்ணாதீர்கள்! 6½ அங்குலச் சதுரம் சுமார் 6.32 அங்குலமாகும். தையலுக்கு இருபுறமும் கால் அங்குலம் போனபின், 6 அங்குலம் இருக்க வேண்டிய துண்டு 5.82 அங்குலம்தான் இருக்கும். பத்துத் துண்டுகள் கொண்ட வரிசையில் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் அங்குலம் குறையும். அளவுகோலால் வெட்டிய ஓரத்துணி அதனோடு எப்படிச் சேரும்?

ஆகவே மாதிரித் தாளுக்கு மட்டும் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 விழுக்காடு என்று தேர்ந்தெடுங்கள். விளிம்பில் பக்கத்துக்கு 3 மி.மீ. அளவு வெட்டுப்படும். அங்கே பெரும்பாலும் வெற்றிடம்தான் இருக்கும். என்றாலும் முன்னோட்டத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரியைத் திரைப்படமாகப் பிடித்து அச்சிடவும் கூடாது. பி.டி.எஃப். கோப்பில் அளவுகள் ஓர் அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கு என்னும் அலகில் பதிவாகியுள்ளன. திரையிலிருந்து பிடித்த படத்தில் இருப்பவை வெறும் புள்ளிகளே. அவற்றிலிருந்து அங்குலம் தெரியாது.

அச்சிடாமலே முடியுமா?

முடியும்! சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் அளவுகோலும் பழைய அட்டையும் போதும். தைத்தபின் 6 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால், நாற்புறமும் கால் அங்குலம் விட்டு 6½ அங்குலத்தில் வெட்டுங்கள். அதே சதுரத்தை இரண்டு முக்கோணங்களால் அமைப்பதானால் எவ்வளவு விடுவது? ஒவ்வொரு செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் வெளியே கால் அங்குலம் ஓரம் வேண்டும். வரைந்து பாருங்கள்: செங்கோணத்தை அடுத்த பக்கம் ஒவ்வொன்றும் ¼ + ¼ + (¼ × √2) அங்குலம் நீளும். அதாவது 0.854 அங்குலம். தைப்பவர்கள் இதைச் சற்றே கூட்டி 7/8 அங்குலம் என்று கொள்கிறார்கள். ஆகவே 6⅞ அங்குலச் சதுரம் ஒன்றை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணங்களும் தயார். தாளில் உதவிய √2 துணியிலும் உதவுவதைப் பார்த்தீர்களா? வளைவுகள் உள்ள வடிவங்களுக்கு மட்டும் அச்சிட்ட மாதிரி போதும்.

செய்து பாருங்கள்

மாதிரித் தாளில் சரிபார்ப்பதற்காக ஓர் அங்குலச் சதுரம் ஒன்று இருப்பதுண்டு. அது 25.4 மி.மீ. இருக்க வேண்டும். படம் 97.3 விழுக்காடாகச் சுருங்கியிருந்தால் 24.7 மி.மீ. இருக்கும். பள்ளி அளவுகோலில் இந்த 0.7 மி.மீ. வித்தியாசம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். அதே தாளில் 6 அங்குலக் கோடு ஒன்றை அளந்தால், 152.4 மி.மீ.க்குப் பதில் 148.3 மி.மீ.தான் இருக்கும். நான்கு மி.மீ. குறைவதை யாரும் தவறவிட முடியாது. நீளம் கூடினால் பிழையும் பளிச்சென்று தெரியும்; ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதான்.

ஒரே ஒரு மாதிரித் தாளை அச்சிட்டு, அதிலுள்ள மிக நீளமான கோட்டை அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் மட்டும் கத்தரிக்கோலை எடுங்கள்!