திறப்பை வைத்திருந்தால் மட்டும் போதுமா?



1948இல் வீடு வாசலை இழந்த பலஸ்தீனர் சுமார் 7 லட்சம் பேர். அவர்களில் பலர் பழைய வீட்டின் திறப்பைப் பேரப்பிள்ளைகளிடம் கையளித்துச் சென்றார்கள். அவர்களுக்காக ஜும்ஆவில் கையேந்துகிறோம். அத்தகைய திறப்புகள் புத்தளம் மாவட்டத்திலும் உண்டு என்பதை மறந்துவிடலாமா?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளானார்கள். மன்னார் மக்களில் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். இங்குள்ளோர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, மதீனாவின் அன்சாரிகளை நினைவூட்டினார்கள். காலம் செல்லச் செல்லக் காணி, தண்ணீர், தொழில் என்று மனத்தாங்கல்களும் வந்தன.

பிற்போட்ட பிரச்சினை

1993 ஒஸ்லோ உடன்படிக்கை அகதிகள் விடயத்தைப் பின்னர் பேசலாம் என ஒத்திவைத்தது. அதற்கு இன்றுவரை தீர்வு வரவில்லை. நம் நாட்டிலும் 2002 ஏப்ரலில் புலிகள் தரப்பு வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தது. ஆனால் அடுத்து நடந்த பேச்சுவார்த்தையில் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பாக அமர இடம் கிடைக்கவில்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்து திரும்பிப் போனவர்கள் கண்டது காடு மண்டிய காணிகளையும் இடிந்த சுவர்களையுந்தான். ஒரு குடும்பமாக வந்தவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாகப் பெருகியிருந்தார்கள். விரட்டப்பட்டவனின் வீட்டைப் பற்றிப் பேசாத சமாதானம் நிலைக்காது என்பதே இரு தேசங்களும் தரும் பாடம்.

நம் பக்கமும் பார்ப்போம்

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டிலேயே கிழக்கில் தமிழர்கள் கொல்லப்பட்ட சம்பவங்களில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் மீதும் குற்றச்சாட்டு உண்டு. நமது மையித்தை மட்டும் எண்ணுவது நீதியாகுமா? பகைவனிடத்திலும் நீதி தவறாதே என்றல்லவா மார்க்கம் கற்பிக்கிறது! நாம் வெளியேறிய நாளில் கண்ணீர் விட்ட தமிழ் அயலவர்களும் இருந்தார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிவாசல்துறையில் என்னிடம் ஓதும் பிள்ளைகளிடம், "மகன், உங்கட ஊர் எது?" என்று கேட்டால் சிலர் தயங்குகிறார்கள். வாப்பா சொல்லும் ஊர் எருக்கலம்பிட்டி; பிறந்த ஊர் இது. பெற்றோரே, அடுத்த விடுமுறையில் அவர்களை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வளவைக் காட்டுங்கள். பழைய அயல்வீட்டுக் கதவையும் தட்டிச் சுகம் விசாரியுங்கள். அங்கே பேசப்போவதும் நம் வீட்டில் பேசும் அதே தமிழ்தானே!

திறப்பு வீட்டைத்தான் திறக்கும். மனதைத் திறக்க நாமே முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். வல்ல அல்லாஹ் நமது தேசத்திலும் பலஸ்தீனத்திலும் நீதியோடு கூடிய சமாதானத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.