இயந்திரம் ஓய்ந்த வானில்

ஆகாய விமானத்தின் இயந்திரம் நடுவானில் நின்றுவிட்டால் அது கல்லைப் போல் நேரே விழுந்துவிடும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். உண்மை அதுவன்று. மாவடிப்பள்ளி வயல்வெளியின் மேலே செம்பருந்து சிறகை அசையாது விரித்து நெடுந்தூரம் மிதந்து செல்வதைக் கண்டிருக்கிறோம். பெரிய விமானமும் அவ்வாறே மிதக்க வல்லது. ஓரடி இறங்கும்போது ஏறத்தாழப் பதினைந்தடி முன்னே செல்லும். பருந்துக்கு வெங்காற்றின் துணையுண்டு, மீண்டும் மேலேறலாம். விமானத்திற்கோ இறக்கம் ஒன்றே வழி. ஆகவே விமானிக்கு உயரமே கைம்முதல். மூக்கைச் சற்றே தாழ்த்தி, வேகம் குன்றாமல், அக்கைம்முதலைச் சிறுகச் சிறுகச் செலவிடுவதே அவருடைய கலை.

அக்கலை கடுஞ்சோதனைக்கு உள்ளான இரவு 1982ஆம் ஆண்டு ஜூன் 24. இலண்டனிலிருந்து பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக நியூசிலாந்து நோக்கிச் சென்ற பிரித்தானிய போயிங் 747 விமானம், 37,000 அடி உயரத்தில் ஜாவாத் தீவை அணுகியது. அதில் 250க்கு மேற்பட்டோர் இருந்தனர். கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் வானில் பரந்திருந்ததை எவரும் அறியார். உலர்ந்த சாம்பல் ராடாருக்கும் புலப்படவில்லை. முகப்புக் கண்ணாடியில் விந்தையான ஒளி மின்னிற்று. சில நிமிடங்களுள் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன.

செய்தியை ஜகார்த்தாவுக்கு அறிவித்தபோது, "நான்காம் இயந்திரம் மட்டும் நின்றது" என்றே தரையிலுள்ளோர் பிழையாக விளங்கிக்கொண்டனர். நான்கும் ஒருங்கே ஓயும் என்று யார்தான் நினைப்பர்!

பயணிகள் சுவாசிக்கும் அழுத்தக் காற்றைத் தருவதும் இயந்திரங்களே. அவை நிற்கவே உள்ளே அழுத்தம் குறைந்தது. துணை விமானியின் பிராணவாயு முகமூடியோ கையில் எடுத்ததும் கழன்று போயிற்று. தலைவர் எரிக் மூடி முன்னே இரண்டு வழிகள் இருந்தன: உயரத்தைக் காத்துத் தோழரை மயங்க விடுவதா, தோழரைக் காக்க அருமையான உயரத்தை இழப்பதா? அவர் விமானத்தை விரைந்து கீழிறக்கினார். எனக்கு அவ்விரவின் உச்சம் இதுவே. முகமூடி சீரானதும் பழைய நிதானத்திற்குத் திரும்பினார்.

முன்னே ஜாவாவின் மலைகள். 12,000 அடிக்குள் இயந்திரம் உயிர்பெறாவிடில் கடல்பக்கம் திரும்பி நீரில் இறங்குவதென முடிவு செய்தனர். வேகமானிகள் இரண்டும் வெவ்வேறு கணக்குக் காட்டின. எனினும் இயந்திரங்களை மீளமீள முடுக்கிக்கொண்டே இருந்தனர். மேலே காற்று மெல்லியது, எரிபொருள் எளிதிற் பற்றாது. இறங்க இறங்கக் காற்று அடரும். ஏறத்தாழ 13,000 அடியில் நான்காம் இயந்திரம் முதலில் முழங்கிற்று. ஏனையவும் தொடர்ந்தன. உள்ளே உருகிக் கண்ணாடி போல் ஒட்டியிருந்த சாம்பல், இயந்திரம் குளிர்ந்ததும் இறுகி உடைந்து உதிர்ந்தமையே காரணம் என்பது பின்னர்த் தெரிந்தது.

சாம்பல் உராய்ந்து மங்கிய கண்ணாடியின் ஓரத்து ஒடுங்கிய இடைவெளியூடே விளக்குகளைப் பார்த்து, ஜகார்த்தாவில் தரையிறக்கினர். ஒருவரும் இறக்கவில்லை. மூன்று வாரம் கழியுமுன் சிங்கப்பூர் விமானமொன்றும் அதே எரிமலையின் சாம்பலில் சிக்கித் தப்பியது. அதன்பின்னரே உலகம் விழித்தது. இன்று எரிமலைச் சாம்பலைக் கண்காணித்து விமானிகளை எச்சரிக்க ஒன்பது நிலையங்கள் உள்ளன. ஜாவாவின் வானத்தைக் கவனிப்பது ஆஸ்திரேலியாவின் டார்வின் நிலையம்.