'படை உதவி'யில் தொடங்கி முழுப் போர் வரை: பாண்டிச்சேரியில் டூப்ளே ஆடிய ஆட்டம்

பாண்டி பீச் ரோட்டின் தென்கோடியில் நிற்கும் டூப்ளே சிலை பக்கத்துல செல்ஃபி எடுத்திருக்கீங்களா? 'ஆலோசகர்களை மட்டும்தான் அனுப்புறோம்' என்று வல்லரசுகள் இன்று சொல்லும் கதைக்கு, 275 வருஷத்துக்கு முன்னாடியே இங்கே ஒரு முன்னோட்டம் நடந்திருக்கு.

எப்படி ஆரம்பிச்சது?

1746-ல் அடையாற்றங்கரையில் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை, ஆற்காடு நவாபின் பெரும்படையை விரட்டியது. பயிற்சி பெற்ற சிறுபடைக்கு அன்றே மார்க்கெட் உருவாகிவிட்டது.

1748-ல் ஐரோப்பாவில் பிரான்ஸும் பிரிட்டனும் சமாதானம் ஆகிவிட்டன. நேரடிச் சண்டைக்கு வழியில்லை. ஆனால், நவாப் பதவிக்கு ஆசைப்பட்ட சந்தா சாகிப்புக்கு 'உதவி' செய்யலாமே? ஆளுநர் டூப்ளே படை அனுப்பினார். 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன லாபம்?

நிலம். வில்லியனூர், பாகூர் பகுதிகள் கைக்கு வந்தது இப்படித்தான். இன்றும் அவை புதுச்சேரியில்தான் இருக்கின்றன.

ஏன் நிறுத்த முடியலை?

அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தார். ஆங்கிலேயர்கள் அவருக்குப் 'படை உதவி' செய்தார்கள். நம்ம ஆள் தோற்றால் கொடுத்த நிலமும் போகும், மரியாதையும் போகும். அதனால் மேலும் படை. 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுப் படையே பிடித்தது. 1751-ல் தளபதி புஸ்ஸி ஹைதராபாத் வரை போய், பல வருஷம் அங்கேயே தங்கினார். உதவிக்கு வந்தவர்களே போரை நடத்த ஆரம்பித்தார்கள்.

வியட்நாமிலும் இதே படிக்கட்டுதான். 1963 இறுதியில் அமெரிக்க 'ஆலோசகர்கள்' சுமார் 16,000 பேர். 1965 மார்ச்சில் தா நாங் கடற்கரையில் தரைப்படை இறங்கியது. 1968-ல் 5 லட்சத்துக்கும் மேல்.

கடைசியில்?

1752-ல் திருச்சியில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப் தலை துண்டிக்கப்பட்டது. 1754-ல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்த போரில், 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள்.

முடிவெடுத்தவர் ஏற்கெனவே கப்பலேறிப் போய்விட்டார். வீடிழந்தது ஊர்க்காரர்கள். அடுத்த முறை 'ஆலோசகர்கள் மட்டும்தான்' என்று செய்தி வந்தால், ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அவங்க ஆதரிக்கிற ஆள் தோற்க ஆரம்பிச்சா, அடுத்து என்ன செய்வாங்க?