யுகுலேலே: பலகையில் முடங்கும் முதல்

ஹவாய் தீவுகளின் யுகுலேலே, பார்வைக்குச் சிறிய கிற்றார் போன்ற நான்கு நரம்பு வாத்தியமாகும். இதன் மூலவடிவம் ஹவாயினுடையதல்ல. 1879இல் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துக்கேயரின் மச்சேட் எனும் வாத்தியத்திலிருந்தே இது பிறந்தது. அவர்களுடன் வந்த மனுவேல் நூனெஸ் முதலிய மூவர் தளபாடத் தச்சர்கள். ஹொனலூலுவில் கடை திறந்த அவர்கள், ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் கோவா மரத்தைக் கையிலெடுத்தனர். பண்டம் ஹவாய்ப் பண்டமானது மரத்தினால்தான் எனலாம்.

கோவாப் பலகையை வாங்கியவுடன் வேலைக்கு எடுக்க முடியாது. காற்றோட்டமாக அடுக்கி, ஈரம் வற்றும்வரை நல்ல பட்டறைகளில் ஆண்டுக்கணக்கில் வைப்பர். அவசரப்பட்டால் செய்த வாத்தியம் பின்னர் வெடிக்கும், ஒட்டு விடும். திருப்பியனுப்பப்படும் ஒன்று, பல விற்பனைகளின் இலாபத்தைத் தின்றுவிடும். எனவே இத்தொழிலில் முதல் முடங்குவது இயந்திரத்தை விட அடுக்கி வைத்த பலகையில்தான்.

காய்ந்த பலகையைப் புத்தகம் விரிப்பது போல இரண்டாகப் பிளந்து ஒட்டுவர். வரிகள் இருபுறமும் ஒத்து அமையும். பின் சுமார் 2 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவுவர். பக்கப் பலகைகளை நனைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைப்பர். முகப்பலகை தடித்தால் ஓசை அமுங்கும். அளவுக்கு மீறி மெலிந்தால் நரம்பின் இழுவையில் வளைந்துவிடும். தட்டிப் பார்த்துக் காதால் அளவறியும் கைவினைஞருக்கே நல்ல கூலி. தளபாடத்துக்கு உதவாத துண்டுப் பலகையும் இதற்குப் போதும் என்பது வியாபாரிக்கு ஓர் அனுகூலம்.

1915இல் சன்பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்காவெங்கும் கேள்வி பெருகியது. சிக்காகோ தொழிற்சாலைகள் மலிவாகச் செய்து குவித்தன. ஹவாய்க்காரர் தம் பண்டத்தை வேறுபடுத்திக் காட்ட "தபு" எனும் முத்திரை பதித்தும் போட்டி ஓயவில்லை.

1916இல் சாமுவேல் கமாகா தொடங்கிய கடை மட்டும் இன்றும் ஹொனலூலுவில் அக்குடும்பத்தின் கையிலேயே உள்ளது. விலையில் சிக்காகோவுடன் மல்லுக்கட்டாமல், அவர் 1928இல் அன்னாசி வடிவ யுகுலேலேக்கு உரிமம் பெற்றார். இடை ஒடுக்கம் இல்லாததால் பலகை வளைக்கும் வேலையும் இலகுவாகியது. சாதுரியமான யோசனை!

இப்போதைய நெருக்கடி மரத்திலேயே உள்ளது. மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகள் அழிந்ததில் பெரிய கோவா மரங்கள் அருகிவிட்டன. புதிதாக நட்டாலும் பலகைக்குப் பல தசாப்தங்கள் காத்திருக்க வேண்டும். பட்டுப்போன, விழுந்த மரங்களைத் தேடும் பட்டறைகள் சில, தீவுகளில் வளரும் மாமரத்தையும் அறுக்கத் தொடங்கியுள்ளன.