பக்கவாத்தியம் பாடத் தொடங்கியபோது

1930களின் பெரிய ஜாஸ் குழுக்களில் கிதார் கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும் மேடையில் தாளம் தட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. ப்ளூஸ் இசையில் இந்த நிலையை மாற்றியவர்களில் முதல் வரிசைக்காரர் டி-போன் வாக்கர்.

1910இல் டெக்சஸ் மாநிலத்தின் லிண்டனில் பிறந்த ஆரன் திபோ வாக்கர், சிறுவயதில் பார்வையற்ற ப்ளூஸ் மேதை பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனை டாலஸ் தெருக்களில் கைபிடித்து அழைத்துப் போனவர். குருகுலம் என்றால் அதுதான் குருகுலம்! 1929இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதில் ஒலித்தது சாதாரண கிதார்; மின்கிதார் அவர் கைக்கு வந்தது பிறகுதான்.

மின்கிதாரின் சூட்சுமம் எளிது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச்சுருள். இதற்கு ‘பிக்கப்’ என்று பெயர். தந்தி அதிரும்போது காந்தப்புலம் ஏறி இறங்க, சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

சத்தம் கூடியது என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். வாக்கர் பிடித்துக்கொண்டது வேறொன்றை: இனி ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. மெல்லத் தொட்டாலும் ஸ்வரம் நின்று ஒலிக்கும். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி, வீணையில் கமகம் பிடிப்பதுபோல் ஸ்வரத்தை மேலே இழுக்கலாம். ஒரே ஸ்வரத்தை அடுத்தடுத்த இரண்டு தந்திகளில் மாற்றி மாற்றி வாசித்தால் ஒவ்வொன்றும் வேறு நிறத்தில் கேட்கும். ஒரு வரி பாடுவார். கிதார் பதில் சொல்லும். அவசரமே இருக்காது, தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே ஸ்வரங்கள் வந்து விழும்.

1942இல் பதிவான ‘மீன் ஓல்ட் வேர்ல்ட்’ பாடலிலேயே இந்தப் பாணி முழுமையாக இருக்கிறது. புகழ் கொடுத்தது 1947இன் ‘கால் இட் ஸ்டார்மி மண்டே’. அதில் வழுக்கி இறங்கும் ஒன்பதாம் கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) ப்ளூஸ் கலைஞர்கள் இன்றும் கற்கிறார்கள்.

மேடையில் ஆளே வேறு. கிதாரை உடம்பிலிருந்து விலக்கித் தட்டுபோலக் கிடையாகப் பிடிப்பார்; தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தபடியே கால்களை விரித்துத் தரையில் இறங்குவார். பின்னாளில் ராக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிதாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசித்தபோது உலகம் வியந்தது. டெக்சஸ்காரர்களுக்கு அது பழைய வித்தை.

மின்கிதார் வாங்கும் ஆசையே வாக்கரைக் கேட்டுத்தான் வந்தது என்று ப்ளூஸ் கிதார் கலைஞர் பி.பி. கிங் சொல்லியிருக்கிறார். சக் பெர்ரியின் ராக் அண்ட் ரோலிலும் வாக்கரின் இரட்டைத் தந்தி வாசிப்பு அப்படியே கேட்கிறது. 1971இல் அவருக்கு கிராமி விருது கிடைத்தது. 1975இல் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். புதிதாகக் கேட்பவர்கள் ‘மீன் ஓல்ட் வேர்ல்ட்’ பாடலிலிருந்து தொடங்கலாம். அதைக் கேட்ட கையோடு பி.பி. கிங்கின் தொடக்ககாலப் பதிவு ஒன்றையும் கேளுங்கள்.